யப்பானிய வாள்: வயதையும் ஆக்கியோனையும் அறியும் முறை

பழம்பொருளொன்றைக் காணும் எவருக்கும் இயல்பாக எழும் வினாக்கள் இரண்டு. இது எக்காலத்தது? இதனைச் செய்தவர் யார்? மட்பாண்டம், நாணயம், ஓலைச்சுவடி என ஒவ்வொன்றுக்கும் இவ்வினாக்களுக்கு விடைகாணும் முறைகளை அறிஞர் வகுத்துள்ளனர். அவற்றுள் மிக நுணுக்கமானவற்றில் ஒன்று, பழைய யப்பானிய வாள்களை இனங்காணும் முறையாகும். யப்பானியர் இதனைக் 'கன்தெய்' என்பர். பல நூற்றாண்டுகளாக ஆசிரியரிடமிருந்து மாணவருக்குக் கையளிக்கப்பட்டு வரும் ஒரு கல்வி இது.

"வாளில் கொல்லரின் பெயர் வெட்டப்பட்டிருக்குமே, அதை வாசித்தால் போதாதா?" என்று நீங்கள் கேட்கலாம். போதாது. அதற்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, பல வாள்களில் பெயரே இல்லை. சில தொடக்கத்திலேயே பெயரின்றிச் செய்யப்பட்டவை. வேறு சில பிற்காலத்தில் நீளம் குறைக்கப்பட்டபோது பெயரை இழந்தவை. இரண்டாவது, ஒரே பெயரைத் தந்தை, மகன், பேரன், மாணாக்கர் எனப் பலரும் பயன்படுத்தினர். மூன்றாவது, புகழ்பெற்ற கொல்லர்களின் பெயர்கள் ஏராளமான வாள்களில் பொய்யாக வெட்டப்பட்டுள்ளன. எனவே பெயர் ஒரு சாட்சி மட்டுமே. அச்சாட்சியை ஏனைய சாட்சிகளோடு ஒப்பிட்டே ஏற்கவோ தள்ளவோ வேண்டும். இக்கல்வியின் அடிப்படை இதுவாகும்.

காலப் பகுப்பு

வாளை ஆராயுமுன் காலப் பகுப்பை அறிந்திருத்தல் அவசியம். யப்பானிய வாள் வரலாற்றைப் பொதுவாக ஐந்து பகுதிகளாகப் பிரிப்பர்.

1. ஜோகோத்தோ: மிகப் பழைய வாள்கள். ஏறத்தாழ 10 ஆம் நூற்றாண்டுக்கு முற்பட்டவை. பெரும்பாலும் வளைவற்ற நேரான வாள்கள். நாரா நகரிலுள்ள ஷோசோயின் களஞ்சியத்தில் 8 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இத்தகைய வாள்கள் இன்றும் பேணப்படுகின்றன.
2. கொத்தோ, அதாவது பழைய வாள்கள்: 10 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் 1596 வரை.
3. ஷின்தோ, அதாவது புதிய வாள்கள்: 1596 முதல் 18 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை.
4. ஷின்ஷின்தோ, அதாவது புதிய புதிய வாள்கள்: அதன்பின் 1876 வரை.
5. கென்தைத்தோ, அதாவது தற்கால வாள்கள்: 1876 இன் பின்னர்.

1876 ஒரு முக்கிய ஆண்டாகும். பொது இடங்களில் வாள் அணிந்து செல்வதை மெய்ஜி அரசு தடைசெய்த ஆண்டு அது. அன்றுடன் வாட்கொல்லரிற் பெரும்பாலோர் தொழிலிழந்தனர்.

நீளத்தைக் கொண்டும் வாள்கள் வகைப்படுத்தப்படும். யப்பானிய நீள அலகாகிய ஒரு 'ஷாக்கு' 30.3 சென்ரிமீற்றர் ஆகும். ஒரு ஷாக்குக்குக் குறைந்தது 'தந்தோ' எனும் குறுவாள். ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடைப்பட்டது 'வக்கிசாஷி'. இரண்டு ஷாக்குக்கு, அதாவது 60.6 சென்ரிமீற்றருக்கு மேற்பட்டது நெடுவாள். நெடுவாளிலும் இருவகை உண்டு. கூர்ப்பக்கம் கீழ்நோக்கி இடுப்பிலிருந்து தொங்கவிடப்பட்டது 'தச்சி'. கூர்ப்பக்கம் மேல்நோக்க இடைக்கச்சையிற் செருகப்பட்டது 'கத்தானா'. தச்சி பழையது, குதிரைமீதிருந்து போரிட்டோருக்கு உரியது. கத்தானா பிந்தியது, நிலத்தில் நின்று போரிட்டோருக்கு உரியது.

முதலாம் படி: உருவம்

தேர்ச்சி பெற்ற ஆய்வாளர் முதலில் பெயரைப் பார்ப்பதில்லை. வாளை நிமிர்த்திப் பிடித்து அதன் முழு உருவத்தையே பார்ப்பார். ஏனெனில் போர்முறை மாறும்போது வாளின் உருவமும் மாறிற்று. உருவம் காலத்தைக் கூறும்.

12 ஆம் நூற்றாண்டை அண்டிய வாள்கள் மெலிந்தவை. அவற்றின் வளைவு பிடியின் அருகிலேயே ஆழமாக அமைந்திருக்கும். நுனி சிறியதாக இருக்கும். 13 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வாள்கள் அகன்று உறுதியடைந்தன. 1274 இலும் 1281 இலும் மொங்கோலியப் படையெடுப்புகள் நிகழ்ந்தன. 14 ஆம் நூற்றாண்டில், இரு அரசவைகள் ஒன்றோடொன்று போரிட்ட காலத்தில், நீண்ட நுனியுடைய மிகப் பெரிய வாள்கள் செய்யப்பட்டன. அவற்றுட் சில 90 சென்ரிமீற்றரையும் தாண்டியவை. பிற்காலத்தவர் அவற்றைத் தமது பயன்பாட்டுக்கேற்ப அடிப்பக்கத்திலிருந்து வெட்டிக் குறைத்தனர். அதனால் பல வாள்களின் பெயர்கள் அழிந்தன.

15, 16 ஆம் நூற்றாண்டுகளில் காலாட் போர் பெருகியது. ஒரு கையால் விரைந்து உருவத்தக்க குறுகிய கத்தானாக்கள் தோன்றின. அவற்றின் வளைவு நுனிப்பக்கம் சாய்ந்திருக்கும். 17 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நாட்டில் அமைதி நிலவியது. அக்கால வாள்கள் வளைவு மிகக் குறைந்தவை. அடியில் அகன்று நுனியை நோக்கி நன்கு ஒடுங்குபவை. ஷின்ஷின்தோ காலத்துக் கொல்லரோ பழைய காலத்து உருவங்களையே மீண்டும் செய்ய முயன்றனர். எனவே உருவத்தை மட்டும் நம்பி முடிவுகூறின் ஏமாற நேரிடும். அடுத்த படிக்குச் செல்ல வேண்டும்.

இரண்டாம் படி: உருக்கின் இழையும் ஹமொன் கோலமும்

யப்பானிய வாளுக்குரிய உருக்கு இரும்பு மணலிலிருந்து பெறப்படுகின்றது. 'தத்தாரா' எனும் களிமண் உலையில் இரும்பு மணலும் மரக்கரியும் மூன்று பகலும் மூன்று இரவும் மாறிமாறி இடப்பட்டு எரிக்கப்படும். அவ்வாறு கிடைக்கும் உருக்கைக் கொல்லர் அடித்து நீட்டி, மடித்து, மீண்டும் அடிப்பார். பத்து முறை மடித்தால் 1,024 படைகள் உண்டாகும். பதினைந்து முறை மடித்தால் 32,768 படைகள். இப்படைகளே மெருகிட்ட வாளின் மேற்பரப்பில் மரப்பலகையின் வரிகளைப் போன்ற இழைகளாகத் தெரிகின்றன. சில மரபுகளில் இழை நேராக ஓடும். சிலவற்றில் மரக்கணுவைப் போலச் சுழலும்.

அடுத்தது 'ஹமொன்'. வாளின் முதுகில் தடிப்பாகவும் கூர்ப்பக்கத்தில் மெல்லியதாகவும் களிமண் பூசி, ஏறத்தாழ 800 பாகை செல்சியசுக்குச் சூடாக்கி, உடனே நீரில் அமிழ்த்துவர். மெல்லிய பூச்சுள்ள கூர்ப்பக்கம் விரைவாகக் குளிர்ந்து மிகக் கடினமான மார்ட்டென்சைற் எனும் அமைப்பைப் பெறும். தடித்த பூச்சுள்ள முதுகு மெதுவாகக் குளிர்ந்து மென்மையாக இருக்கும். கூர்ப்பக்கம் விரிவடைவதால் வாளின் வளைவும் இச்செயலின்போது கூடுகின்றது. கடினமான பகுதிக்கும் மென்மையான பகுதிக்கும் இடையே வெண்ணிறமாகத் தோன்றும் எல்லையே ஹமொன் ஆகும். களிமண்ணைப் பூசும் முறையால் கொல்லர் அதற்கு வடிவம் கொடுத்தார். அது அவருடைய கையெழுத்தைப் போன்றது.

இழை, ஹமொன் ஆகிய இரண்டையும் கொண்டு வாள் எந்த மரபைச் சேர்ந்தது என்பதை ஊகிக்கலாம். கொத்தோ காலத்தில் ஐந்து பெரும் மரபுகள் இருந்தன.

யமாத்தோ (இன்றைய நாரா): நேர் இழையும் நேரான ஹமொனும்.
யமஷிரோ (கியோத்தோ): மிக நுண்ணிய இழை, அடக்கமான நேர்க்கோடு.
பிசென் (ஒக்கயாமா): கராம்பு மொட்டுகளை வரிசையாக அடுக்கியது போன்ற ஹமொன். யப்பானியரும் இதற்குக் கராம்பின் பெயரையே இட்டு 'சோஜி' என்கின்றனர்.
சோஷு (கமக்குரா): ஹமொனை ஒட்டி வெறுங்கண்ணுக்குத் தெரியும் பளபளப்பான மணிகள். புகழ்பெற்ற மஸமுனே இம்மரபினர்.
மினோ (கிஃபு): கூரான முனைகளையுடைய ஹமொன். கனெமொத்தோ எனும் கொல்லரின் ஹமொன், மூன்று மூன்றாக நிற்கும் மரங்களைப் போல இருப்பதால் 'மூன்று சீடார் மரம்' எனப்படும்.

மூன்றாம் படி: அடிக்காம்பு

பிடிக்குள் செருகப்பட்டு மறைந்திருக்கும் பகுதி அடிக்காம்பு. யப்பானியர் இதனை 'நககோ' என்பர். பிடியையும் அடிக்காம்பையும் இணைப்பது ஒரு சிறிய மூங்கில் ஆணி மட்டுமே. அதை அகற்றினால் பிடி கழன்றுவிடும். இங்கு கவனிக்க வேண்டியவை நான்கு.

முதலாவது துரு. அடிக்காம்பு ஒருபோதும் மெருகிடப்படுவதில்லை. நூற்றாண்டுகள் செல்லச்செல்ல அதன்மேல் கருங்கபில நிறத் துரு ஒரு தோலைப் போலப் படியும். சில பத்தாண்டுகளே ஆன துரு செந்நிறமாகவும் உதிரக்கூடியதாகவும் இருக்கும். பழைய துருவைப் போலியாக உண்டாக்குவது கடினம்.

இரண்டாவது அரத்தின் கோடுகள். அடிக்காம்பைச் செப்பனிடும்போது கொல்லர் அரத்தால் கிடையாக, சரிவாக, அல்லது பருந்தின் இறகைப் போல இருபுறம் சாய்வாக இராவினார். ஒவ்வொரு மரபுக்கும் தனி வழக்கம் இருந்தது.

மூன்றாவது துளைகளின் எண்ணிக்கை. இரண்டு, மூன்று துளைகள் இருப்பின் அவ்வாள் பெரும்பாலும் பிற்காலத்தில் குறைக்கப்பட்டது எனக் கொள்ளலாம்.

நான்காவது, பெயர் வெட்டப்பட்ட பக்கம். அணிந்திருப்பவரின் உடலுக்கு வெளிப்புறமான பக்கத்திலேயே பெரும்பாலும் பெயர் வெட்டப்படும். நுனி மேலே இருக்க, பெயர் நம்மை நோக்க வாளைப் பிடிப்போம். கூர்ப்பக்கம் நமது வலப்புறம் இருந்தால் அது தச்சியாகச் செய்யப்பட்டது. இடப்புறம் இருந்தால் கத்தானாவாகச் செய்யப்பட்டது. இந்த ஒரு குறிப்பே வாளின் காலத்தை ஓரளவு சுருக்கித் தரும்.

பெயரையும் ஆண்டையும் வாசித்தல்

முழுமையான கையொப்பத்தில் மாகாணம், ஊர், பட்டம், பெயர் ஆகியன ஒருபுறத்திலும் ஆண்டு, மாதம் ஆகியன மறுபுறத்திலும் காணப்படும். ஆண்டு, சகாப்தப் பெயராலும் அச்சகாப்தத்தின் எத்தனையாம் ஆண்டு என்பதாலும் குறிக்கப்படும். கணக்கு எளிது. சகாப்தத்தின் முதலாண்டோடு குறிப்பிட்ட எண்ணைக் கூட்டி ஒன்றைக் கழிக்க வேண்டும். ஓஎய் சகாப்தம் 1394 இல் தொடங்கியது. ஆகவே ஓஎய் 27 என்பது 1394 + 27 - 1 = 1420. ஷோவா 1926 இல் தொடங்கியது. ஷோவா 18 என்பது 1943. சில வாள்களில் அறுபது ஆண்டுச் சுழற்சிப் பெயரும் காணப்படும். பிரபவ முதல் அட்சய வரை அறுபது ஆண்டுகளை அறிந்த தமிழருக்கு இம்முறை புதிதன்று. சகாப்தத்தின் பெயர் இல்லாதபோது, அறுபது ஆண்டு முன்பின்னாகப் பிழைவிட இடமுண்டு என்பதும் நமக்குத் தெரிந்ததே.

மாதம் பெரும்பாலும் இரண்டாம் மாதம் அல்லது எட்டாம் மாதம் என்றே இருக்கும். இது வழக்கம் பற்றியது. வாள் உண்மையில் அம்மாதத்திலேயே முடிந்தது என்று கொள்ளத் தேவையில்லை.

கையொப்பத்தின் நீளமும் செய்தி தரும். 16 ஆம் நூற்றாண்டில் பிசெனின் ஒசாபுனே ஊரில் சுகெசதா எனும் பெயரைப் பல கொல்லர்கள் பயன்படுத்தினர். சிறப்பாகக் கட்டளையிட்டுச் செய்வித்த வாளில் கொல்லரின் தனிப்பெயரும் சேர்ந்து நீண்ட கையொப்பம் இருக்கும். போர்க்களத்திற்காகத் தொகையாகச் செய்யப்பட்டவற்றில் ஊரும் 'சுகெசதா' எனும் பெயரும் மட்டும் சுருக்கமாக இருக்கும். எழுத்தின் பாங்கும் மாறும். ஒசாக்காவில் கடலலை போன்ற ஹமொனைப் படைத்துப் புகழ்பெற்ற சுகெஹிரோ, 1674 ஆம் ஆண்டளவில் கட்டையான எழுத்தைக் கைவிட்டு வளைந்தோடும் எழுத்துக்கு மாறினார். ஆகவே எழுத்தைப் பார்த்தே அவரது வாள் முற்காலத்ததா பிற்காலத்ததா என்று கூறலாம்.

பிச்சு மாகாணத்தில் குனிஷிகே எனும் பெயர் பல தலைமுறையாக வழங்கியது. அம்மரபில் 18 ஆம் நூற்றாண்டில் ஒரு பெண்ணும் உலைக்களத்தில் நின்று வாள் செய்தார். அவரை 'ஒன்னா குனிஷிகே', அதாவது பெண் குனிஷிகே என்பர். பெயரை மட்டும் வாசித்து ஆளை முடிவுசெய்வோர் இத்தகையவரைக் காணாமலே கடந்துவிடுவர்.

பொய்க் கையொப்பம்

பொய்யாக வெட்டப்பட்ட கையொப்பத்தை 'கிமெய்' என்பர். ஒரு வாளுக்குப் புகழ்பெற்ற பெயர் இருந்தால் விலை பல மடங்காகும். பரிசாகக் கொடுக்கவும் பெருமையாக இருக்கும். எனவே நல்ல வாள்களிலும் பொய்ப்பெயர்கள் ஏறின. 17 ஆம் நூற்றாண்டில் கவசத் தொழிலிலிருந்து வாட்தொழிலுக்கு வந்த கொத்தெட்சு என்பவரின் பெயர் இவ்வாறு மிக அதிகமாகத் திருடப்பட்டது. மஸமுனே தம் வாள்களிற் பெரும்பாலானவற்றில் பெயர் வெட்டவில்லை. எனவே 'மஸமுனே' எனத் தெளிவாக வெட்டப்பட்ட நெடுவாளைக் கண்டால் மகிழ்வதற்கு முன் ஐயுற வேண்டும். இதற்கு எதிர்மாறானதும் நிகழ்ந்தது. தொக்குகாவா குடும்பத்துக்குத் தீங்கு விளைவிப்பவை என்று கருதப்பட்டமையால் முரமஸாவின் வாள்கள் சிலவற்றில் உண்மையான பெயர் அழிக்கப்பட்டோ மாற்றப்பட்டோ இருக்கிறது.

இந்நிலையில்தான் ஹொனாமி எனும் குடும்பத்தார் முக்கியத்துவம் பெற்றனர். தலைமுறை தலைமுறையாக வாள்களை மெருகிட்டு மதிப்பிட்ட இவர்கள், மடித்த தாளில் சான்றிதழ் எழுதிக் கொடுத்தனர். பெயரிழந்த வாள்களின் அடிக்காம்பில் தமது முடிவைப் பொன்னெழுத்தில் பதித்தனர். 1719 இல் ஷோகன் தொக்குகாவா யொஷிமுனேயின் கட்டளைப்படி புகழ்பெற்ற வாள்களின் பட்டியலொன்றையும் தொகுத்தனர். இன்று 1948 இல் நிறுவப்பட்ட யப்பானிய கலைவாள் பாதுகாப்புச் சங்கம் இப்பணியைச் செய்து சான்றிதழ் வழங்குகின்றது.

போர்க்கால வாள்கள்

யப்பானுக்கு வெளியே வீடுகளிலிருந்து வெளிப்படும் வாள்களிற் பல இரண்டாம் உலகப் போரோடு தொடர்புடையவை. இங்கு நினைவிற் கொள்ளவேண்டியது ஒன்றுண்டு. உறையும் பிடியும் வாளின் வயதைக் கூறா. அதிகாரிகள் சிலர் தம் குடும்பத்துப் பழைய வாளை இராணுவ உறையிலிட்டு எடுத்துச் சென்றனர். அதேவேளை இராணுவ வாள்களிற் பெரும்பாலானவை அக்காலத்தில் புதிதாகச் செய்யப்பட்டவையே. கீழ்நிலை அதிகாரிகளுக்கு வழங்கப்பட்ட 1935 ஆம் ஆண்டு மாதிரி வாளில், பிடியருகே அலகின்மீதே தொடரிலக்கம் பொறிக்கப்பட்டிருக்கும். பிடி உலோக வார்ப்பாக இருக்கும். அது தொழிற்சாலை வாள். அடிக்காம்பில் கையொப்பத்தோடு 'ஷோவா' அல்லது 'செக்கி' எனும் சிறு முத்திரை இருப்பின், அது பெரும்பாலும் மரபுமுறையில் செய்யப்படாதது. நட்சத்திர முத்திரை இருப்பின், இராணுவத்தின் அங்கீகாரம் பெற்ற கொல்லர் மரபுவழி உருக்கைக் கொண்டு செய்தது எனலாம்.

ஒரு மாதிரி ஆய்வு

இப்போது கற்பனையாக ஒரு வாளை எடுத்துக்கொள்வோம். அலகின் நீளம் 63 சென்ரிமீற்றர். வளைவு நுனிப்பக்கம் சாய்ந்துள்ளது. அடிக்காம்பு குட்டையானது. ஹமொன் நண்டின் இடுக்கி போலப் பிளவுபட்ட மொட்டுகளாக உள்ளது. துரு கருங்கபிலம். நுனி மேலே இருக்கப் பிடித்தால் பெயருள்ள பக்கத்தில் கூர்ப்பக்கம் இடப்புறம் உள்ளது. பெயர்: பிஷு ஒசாபுனே சுகெசதா. மறுபுறம்: எய்ஷோ 8, எட்டாம் மாதம்.

உருவம் 15, 16 ஆம் நூற்றாண்டைச் சுட்டுகிறது. நண்டிடுக்கி ஹமொன் அக்காலத்துப் பிசென் மரபுக்கு உரியது. கையொப்பம் கத்தானாவுக்கு உரிய பக்கத்தில் உள்ளது. எய்ஷோ 1504 இல் தொடங்கியதால் எய்ஷோ 8 என்பது 1511. துருவும் பொருந்துகிறது. ஆக நான்கு சாட்சிகளும் ஒத்துப்போகின்றன. காலமும் மரபும் உறுதி. ஆனால் எந்தச் சுகெசதா? கையொப்பம் சுருக்கமானது. தனிப்பெயர் இல்லை. இங்கே நிறுத்திக்கொள்வதே நேர்மையான ஆய்வு. "ஒசாபுனே சுகெசதாக்களில் ஒருவர், 1511" என்பதே முடிவு. அதற்குமேல் ஒரு பெயரை ஒட்டுவது ஆசையின் வேலை.

இதே வாளில் 'மஸமுனே' என்று வெட்டப்பட்டிருந்தால் என்ன செய்வோம்? உருவமும் ஹமொனும் வேறு காலத்தையும் வேறு மரபையும் கூறுவதால் பெயரைத் தள்ளுவோம். ஆனால் வாளைத் தள்ளமாட்டோம். அது இன்னும் நல்லதொரு பிசென் வாளே.

இக்கலையைக் கற்பிக்கும் முறையும் அழகானது. அடிக்காம்பைத் துணியால் மூடி வாளை மாணவரிடம் கொடுப்பர். உருவம், இழை, ஹமொன் ஆகியவற்றை மட்டும் பார்த்துக் கொல்லரின் பெயரை எழுதிக் கொடுக்க வேண்டும். சரியாயின் 'அத்தாரி', அதே மரபில் மிக நெருங்கிய ஒருவரைக் கூறின் 'தோசென்', அதாவது ஏறக்குறையச் சரி, பிழையாயின் 'இயா'. பெயரை மறைத்துவிட்டுப் பொருளைப் படிக்கப் பழக்கும் பள்ளிக்கூடம் இது.

செய்யத் தகாதவை

அடிக்காம்பின் துருவை அரத்தாளாலோ இரசாயனத்தாலோ ஒருபோதும் நீக்கலாகாது. ஐந்நூறு ஆண்டுச் சாட்சியம் ஐந்து நிமிடத்தில் அழிந்துவிடும். அலகை விரலால் தொடுதலும் ஆகாது, வியர்வை துருவாகும். அலகின் அருகே பேசுவதைக்கூட யப்பானியர் தவிர்ப்பர். எச்சில் தெறிக்கும் என்பதே காரணம். வீட்டிற் சாணை பிடிக்கவும் கூடாது. செய்யத்தக்கது பதிவு செய்தலே. அடிக்காம்பின் இருபுறத்தையும் ஒளிப்படம் எடுத்து, நீளத்தையும் வளைவையும் அளந்து, மெல்லிய தாளை வைத்துத் தேய்த்துப் படியெடுத்து, அறிந்தவரிடம் காட்ட வேண்டும்.

இக்கவனம் ஏன் என்பதற்கு ஓர் உண்மை நிகழ்வு போதும். 'ஹொன்ஜோ மஸமுனே' எனும் வாள் தொக்குகாவா குடும்பத்தின் பெருஞ்செல்வமாக விளங்கியது. 1939 இல் தேசியப் பொக்கிஷமாக அறிவிக்கப்பட்டது. போர் முடிந்து ஆயுதங்களை ஒப்படைக்கும் ஆணை பிறந்தபோது, 1945 டிசெம்பரில் தொக்குகாவா இயெமஸா அதனைத் தோக்கியோவின் மெஜிரோ பொலிஸ் நிலையத்தில் ஏனைய வாள்களோடு கையளித்தார். அதன்பின் அது எங்கும் காணப்படவில்லை. அதன் அலகு சுமார் 65 சென்ரிமீற்றர் நீளமானது. யாரோ ஒருவரின் வீட்டுப் பரணில், 'தாத்தா போரிலிருந்து கொண்டுவந்த பழைய வாள்' என்ற பெயரோடு அது கிடக்கவும் கூடும். அதன் துருவை ஒருவர் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டால், கண்முன்னே கிடந்தாலும் அதை அடையாளம் காண்பது மிகக் கடினமாகிவிடும்.

மாணவியரே, வாள் நமக்குத் தூரத்துப் பொருள். ஆனால் நம் வீடுகளிலும் பழைய செப்புப் பாத்திரங்களும் கையெழுத்துப் பிரதிகளும் உறுதிப் பத்திரங்களும் உள்ளன. அவற்றைத் துலக்குவதற்கும் வீசுவதற்கும் முன்னர், பொருளை முதலிலும் பெயரைப் பின்னரும் வாசிக்கும் இவ்வொழுங்கை நினைவிற் கொள்வோமாக. பெற்றோரும் அப்பொருள்களின் கதைகளைத் தேதியோடு எழுதி வைப்பார்களாயின், பின்வருவோருக்கு அது பேருதவியாகும்.

பயிற்சி வினாக்கள்

1. கன்புன் சகாப்தம் 1661 இல் தொடங்கியது. கன்புன் 10 என்பது எந்த ஆண்டு?
2. ஓர் அடிக்காம்பில் மூன்று துளைகள் உள்ளன, பெயர் இல்லை. நீர் ஊகிப்பது யாது?
3. இராணுவ உறையிலுள்ள வாளொன்றை "போர்க்காலத்தது" என்று உடனே கூறுதல் ஏன் தவறு?
4. பெயர் பொய்யாயினும் வாள் சிறந்ததாக இருக்கலாம் என்பதை ஓர் எடுத்துக்காட்டுடன் விளக்குக.